கத்தாமல் லைன் ஓட்ட முடியுமா?

கேட்டவர் எழுதியது, 2 ஜூலை 2024

வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் ஆறு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். போன மாதம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லைனில் (ஒரே மாடலை அடுத்தடுத்துச் செய்யும் ஆள் வரிசை) 42 பேர், அதில் 36 பேர் பெண்கள். அமைதியாகச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. பக்கத்து லைன் சூப்பர்வைசர் காலையில் ஆரம்பித்தால் மாலை வரை கத்துகிறார், அவர் லைன் தினமும் டார்கெட்டைத் தாண்டுகிறது. மேனேஜர் என்னிடம், "நீ ரொம்ப சாஃப்ட்டா இருக்க, ரெண்டு பேரை நாலு பேர் எதிர்ல திட்டு, மத்தவங்க தானா சரியாயிடுவாங்க" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. கத்தாமல் வேலை வாங்கலாம் என்று சொல்கிறவர்கள் யாராவது உண்மையில் லைன் ஓட்டியிருக்கிறீர்களா?

பதில் எழுதியவர், 3 ஜூலை, இரவு 9.40

ஓட்டியிருக்கிறேன் தம்பி. 2009 முதல் 2020 வரை பதினொரு வருடம், ஸ்டிச்சிங் லைன், ஆம்பூர் பக்கம். 1998-ல் எல்பராக (கையாளாக) சேர்ந்து, சொல்யூஷன் (பசை) தடவி, ஓரம் மடித்து, அப்புறம்தான் மெஷினில் உட்கார்ந்தேன். இப்போது குவாலிட்டியில் இருக்கிறேன். அப்போது வீடு பேரணாம்பட்டில், இப்போது வேலூரில்.

அந்தப் பதினொரு வருடத்தில் முதல் ஏழு வருடம் கத்தித்தான் ஓட்டினேன். உன் பக்கத்து லைன்காரர் என்னைப் பார்த்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். கம்ப்ரசர் ஓடும்போதே என் குரல் கட்டிங் வரைக்கும் கேட்கும் என்பார்கள். டார்கெட்டும் தாண்டியது. அதனால் கத்தினால் வேலை நடக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. நடக்கும். என்ன வேலை நடக்கிறது என்பதுதான் உனக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒன்று மட்டும் பார். அவர் லைன் ஜோடிகள் லாஸ்டிங்குக்கு (தைத்த மேல்பாகத்தை அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவு) போன பிறகு எத்தனை திரும்பி வருகின்றன? துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. தப்பாகத் தைத்த அப்பர் (ஷூவின் மேல்பாகம்) போனது போனதுதான், பீஸ் மாற்றியாக வேண்டும். (உடனே இதை எடுத்து, வாய்ச்சொல்லும் இப்படித்தான் என்று யாரும் வாட்ஸ்அப் கதை எழுதிவிடாதீர்கள். நான் தோலைப் பற்றித்தான் சொல்கிறேன்.)

4 ஜூலை

"ரிஜெக்‌ஷனும் அவர் லைனில்தான் குறைவு" என்று போட்டிருக்கிறாய். குறைவாக இருக்கிறதா, குறைவாக எழுதப்படுகிறதா? என் லைனிலும் குறைவாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன், இன்று ஷிப்மென்ட்.

7 ஜூலை, ஞாயிறு

ஊசிக் கதை. கொஞ்சம் நீளம்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக: மெஷினில் ஊசி உடைந்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும், நாற்பது மெஷின் ஓடினாலும் தனியாகக் கேட்கும். உடைந்தால் சும்மா வேறு ஊசி மாட்டிக்கொள்ள முடியாது. உடைந்த எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு காணவில்லை என்றால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் ஜோடி எல்லாவற்றையும் நிறுத்தி காந்தம் வைத்துத் தேட வேண்டும். கடுகு அளவு நுனி உள்ளே தங்கினாலும் அது யாரோ ஒருவர் காலில் குத்தும். விதி நல்ல விதி, நியாயமானது.

அதன் மேல் நான் சேர்த்த விதி ஒன்று இருந்தது. 2016 ஆரம்பம். வாரத்துக்கு ஒன்பது, பத்து ஊசி உடைகிறது என்று மேனேஜர் என்னைத் திட்டினார். நான் லைனுக்கு வந்து திட்டினேன். ஊசி உடைத்தவள் நோட்டை எடுத்துக்கொண்டு என் டேபிள் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பேன். "கையில என்ன வெச்சிருக்க, ஊசியா கடப்பாரையா?" இது என் பிரபலமான டயலாக். ஒரே வாரத்தில் மூன்று முறை உடைத்தால் பெயர் போர்டில்.

இரண்டே மாதம். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் ஒன்றுகூட இல்லை. மேனேஜர் கூப்பிட்டு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். மற்ற லைன் சூப்பர்வைசர்களை என்னிடம் வந்து கற்றுக்கொள்ளச் சொன்னார். நானும் சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. சிறுவர் ஷூ, வெல்க்ரோ வைத்தது, உள்ளே இரும்பு எதுவும் இருக்கக் கூடாத மாடல். பிரித்துப் பார்த்தால் இன்சோலுக்குக் கீழே ஊசி நுனி, மூன்று மில்லிமீட்டர் இருக்கும். பேட்ச் நம்பர் பார்த்தார்கள், என் லைன். ஊசி நோட்டைப் பார்த்தார்கள், அந்த வாரம் ஒரு ஊசிகூட உடையவில்லை. கட்டி வைத்திருந்த 1,140 ஜோடியையும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்தோம். ஓவர்டைமுக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தது கம்பெனி. அன்றைக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. மற்றபடி நான் பிரியாணியை விட்டவள் இல்லை.

திங்கட்கிழமை விசாரித்ததில் வெளியே வந்தது ஊசிச் சீட்டு. ஆமாம், சீட்டு. ஆளுக்கு வாரம் பத்து ரூபாய். ஒருத்தி பிடிப்பாள், குடியாத்தத்துக்காரி. கடையில் ஊசி வாங்கி தீப்பெட்டியில் போட்டு டிபன் பையில் வைத்திருப்பாள். ஊசி உடைந்தால் இருமுவார்கள். நிஜமாகவே இருமல்தான் சிக்னல். தீப்பெட்டி கைமாறி வரும், பக்கத்து மெஷின்காரி எழுந்து நின்று மறைத்துக்கொள்வாள், அரை நிமிடத்தில் ஊசி மாற்றியாகிவிடும். உடைந்த துண்டு தீப்பெட்டிக்குள் போய்விடும். நுனி கிடைக்கவில்லை என்றால்? கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நினைத்துப் பார் தம்பி. முப்பத்தெட்டுப் பேர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பணம் சேர்த்து, பொறுப்புக்கு ஒரு ஆள் வைத்து, சிக்னல் வைத்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் நாலைந்து மாதம் ஓட்டியிருக்கிறார்கள். எந்த டீம் ஒர்க் டிரெய்னிங்கிலும் இது வராது. இத்தனை ஒற்றுமை என் லைனில் இருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் அதில் இல்லை.

8 ஜூலை

"அவளை வேலையை விட்டு நிறுத்தினீர்களா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. நல்ல மனசு எல்லாம் கிடையாது, அவளை நிறுத்தினால் முப்பத்தெட்டுப் பேரையும் நிறுத்த வேண்டும், ஷிப்மென்ட் இருந்தது. ஏழு நாள் சஸ்பென்ஷனோடு முடிந்தது.

10 ஜூலை

காலையில் பஸ் மக்கான் சிக்னலில் நின்றது. சிப்பாய்க் கலக நினைவுத்தூணுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஜூலை 10, வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் வருடா வருடம் பார்க்கிறேன், இந்த வருடம்தான் ஊசி நோட்டு ஞாபகம் வந்தது.

1806, வேலூர்ச் சிப்பாய்க் கலகம். நாம் பள்ளியில் படித்தது தொப்பிக் கதை: மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி கிராடாக், சிப்பாய்கள் நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது, மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டது. போடுமுன் போட்டுக்கொள்ளப் போகிறவர்களைக் கேட்கவில்லை. மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் மாட்டோம் என்றார்கள். அதற்குக் கிடைத்தது சவுக்கடி. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது ஜூன் மாதக் கதை. முஸ்தபா பேக் என்று ஒரு சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் உள்ளே பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று சொல்லியிருக்கிறான். கர்னல் அதை விசாரிக்கும் பொறுப்பை அதே படையின் இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்கள் இவன் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சொன்னவனைப் பிடித்து உள்ளே போட்டாயிற்று. மூன்று வாரம் கழித்து விடியற்காலையில் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு தலைப்பாகை உத்தரவு வாபஸ், கிராடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் ஊருக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். முஸ்தபா பேக்குக்குப் பரிசுப் பணம்.

அவன் துரோகியா இல்லையா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள். நான் பார்ப்பது கர்னலை. ஒருவன் வந்து சொன்னபோது அவர் அறிக்கை கேட்டார். அறிக்கை சுத்தமாக வந்தது, ஒரு ஊசிகூட உடையாத என் நோட்டைப் போல.

11 ஜூலை

"ஷூ கம்பெனியில் ஆரம்பித்து கோட்டைக்குப் போய்விட்டீர்கள், அடுத்தது அகழியா" என்று கிண்டல் வந்திருக்கிறது. அடுத்தது அகழி இல்லை, திருத்தம். பழைய டைரியைத் தேடி எடுத்தேன். பிரித்தது 1,140 ஜோடி இல்லை, 1,410. எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறேன். நுனி கிடந்ததும் இன்சோலுக்குக் கீழே இல்லை, பின்புறக் காலர் (குதிகாலுக்கு மேல் வரும் ஓரம்) லைனிங்கில். இது முக்கியம், ஏன் என்று அடுத்து வரும்.

13 ஜூலை

தம்பி, "அப்படியென்றால் எதுவும் சொல்லாமல் விட்டுவிடவா" என்று கேட்கிறாய். அதையும் செய்து பார்த்தேன். ஊசி விவகாரத்துக்குப் பிறகு ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. அது இன்னும் மோசம். என் முகத்தைப் பார்த்து அவர்களுக்குப் பயம் அதிகமாகிவிட்டது. "கத்தினாலாவது என்னான்னு தெரியும்" என்றாள் ஒருத்தி.

பிறகு செய்தது சின்ன வேலை. ஊசி உடைந்தால் யாரும் என் டேபிளுக்கு வர வேண்டாம். கையைத் தூக்கினால் போதும், எல்பர் பெண் நோட்டும் புது ஊசியும் காந்தமும் எடுத்துக்கொண்டு மெஷினுக்கே போவாள். துண்டு தேடுகிற நேரம் உடைத்தவளின் கணக்கில் சேராது. இதற்கு மேனேஜரிடம் நான்கு நாள் மல்லுக்கட்டினேன்.

முதல் வாரம் உடைந்த ஊசி 14. அடுத்த வாரம் 17. மேனேஜர் போர்டைக் காட்டி, "பாத்தியா, விட்டா இப்படித்தான்" என்றார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் நோட்டில் இப்போது மெஷின் நம்பர் உண்மையாக இருந்தது. உட்கார்ந்து எண்ணினால் 17-ல் 12 பின்புறக் காலர் தைக்கும் நான்கு மெஷினில். அங்கேதான் மூன்று அடுக்குத் தோல் ஒன்றாகச் சேர்கிறது. ஸ்கைவிங்கில் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி அனுப்ப வேண்டும். அங்கே பிளேடு மழுங்கி, சீவல் பாதி ஆழத்துக்குத்தான் போயிருக்கிறது. ஊசி போய் கட்டையில் இடிக்கிற மாதிரி இடிக்கிறது. என் லைனில் யார் கையிலும் கடப்பாரை இல்லை. கோளாறு பக்கத்து அறையில். அதைச் சரி செய்ததும் வாரத்துக்கு நாலுக்கு இறங்கியது. இந்த நாலு நிஜ நாலு.

இதை என் மகளிடம் சொன்னேன், அவள் நர்ஸ். அவளுக்குப் படிப்பிலேயே இது வந்ததாம். ஏமி எட்மண்ட்சன் என்று அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சியாளர், 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்திருக்கிறார். நல்ல டீம் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. தவறு அதிகம் நடந்ததால் அப்படி வரவில்லை, அங்கே வெளியே சொல்ல முடிந்தது, அதனால் எண்ணிக்கை ஏறியது என்ற முடிவுக்கு வந்தார். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு 1,410 ஜோடி ஆச்சு" என்கிறாள் மகள்.

16 ஜூலை

நாளைக்கு ஆடி பிறக்கிறது. லீவு லெட்டர்கள் வந்து குவியும், கூழ் ஊற்ற, காவடி எடுக்க. தம்பி, உன் லைனில் குடியாத்தம் பக்கத்துப் பெண்கள் இருந்தால் இப்போதே காலண்டரில் வைகாசி ஒன்றாம் தேதியைச் சுற்றி வை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர்கள் வர மாட்டார்கள். நான் ஏழு வருடம் "எழுதிக் கொடுத்துட்டுப் போ, சம்பளம் கட்" என்று மிரட்டி, ஏழு வருடமும் பாதி லைனோடு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது வருடம் அவர்களையே கேட்டேன். முந்தைய ஞாயிறு வந்து முடித்துக் கொடுக்கிறோம் என்றார்கள். வந்தார்கள், முடித்தார்கள். கேட்க ஏழு வருடம் ஆகியிருக்கிறது எனக்கு.

இன்னொன்று, உட்காருவது. என் அக்கா மகள் வேலூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வேலை செய்கிறாள் என்று எழுத வந்தேன், கை நிற்கிறாள் என்று எழுதிவிட்டது, இருக்கட்டும். 2021-ல் தமிழ்நாட்டில் கடை, நிறுவனச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அவள் கடையில் ஸ்டூல் வந்தது. குந்தினால் ஃப்ளோர் மேனேஜர் ஒரு பார்வை பார்ப்பாராம். ஸ்டூல் மேல் இப்போது புடவைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஃபேக்டரிக்கு இது புதிதே இல்லை, 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 44-வது பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி வேண்டும் என்றது. எங்கள் சொல்யூஷன் டேபிளுக்கு பெஞ்ச் ஆடிட் அன்றைக்கு வரும், மறுநாள் செக்யூரிட்டி ரூமுக்குத் திரும்பப் போகும்.

19 ஜூலை, இரவு 11.15

இதை எழுதித்தான் ஆக வேண்டும். ஊசிச் சீட்டு பிடித்தவள் போன் செய்தாள். அவள் மகன் இதைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

"இன்னாக்கா, நாங்க உனக்கு பயந்துக்கினு சீட்டு போட்டோம்னா எழுதி வெச்சிருக்க?"

"பின்னே?"

"உனக்கு யாரு பயந்தா? நீ கத்தி முடிக்க பத்து நிமிஷம் ஆவும். ஊசி கைக்கு வர இன்னும் அஞ்சு நிமிஷம். முப்பது ஜோடி போயிடும். இன்சென்டிவ் போயிடும். அதுக்குதான்."

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடமாக நான் ஒரு பெரிய வில்லி, என் குரலுக்கு முப்பத்தெட்டுப் பேர் நடுங்கினார்கள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நான் பதினைந்து நிமிட லேட், அவ்வளவுதான்.

அப்படியானால் 7-ஆம் தேதி எழுதியதில் பாதி தப்பு. கத்துவதை நிறுத்தியதால் சரியானது என்று நினைத்தேன். அவள் சொல்வதைப் பார்த்தால், துண்டு தேடும் நேரம் அவர்கள் கணக்கில் சேராது என்று மாற்றினோமே, அதுதான் வேலை செய்திருக்கிறது. நான் தேன் மாதிரிப் பேசிக்கொண்டே அந்தப் பதினைந்து நிமிடத்தை வெட்டியிருந்தால் தீப்பெட்டி ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

20 ஜூலை

இல்லை, முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் பயப்படாதவள், அதனால்தான் சீட்டு பிடித்தாள். 2016-ல் புதிதாக வந்த ஒரு சின்னப் பெண், நான் கடப்பாரை டயலாக் சொன்ன மறுநாள் வேலைக்கே வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது கணக்கில் எங்கே வருகிறது?

21 ஜூலை, ஞாயிறு

மேனேஜர் விஷயம். "நான் மாறினாலும் மேலே இருப்பவர் மாற மாட்டார்" என்கிறாய். மாற மாட்டார்தான். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. ஷிப்மென்ட் கப்பலைத் தவறவிட்டால் ஏரில், அதாவது விமானத்தில், அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில். இரண்டு முறை ஏர் போனால் அந்த ஆர்டரில் லாபமே இருக்காது. அங்கே கிளம்புகிற கத்தல்தான் படி இறங்கி எல்பர் வரைக்கும் வருகிறது. எல்பர் வீட்டுக்குப் போய் பிள்ளையைக் கத்துவாள். இது மேனேஜருக்கு நான் கொடுக்கும் மன்னிப்பு இல்லை, ரூட் மேப்.

2018-ல் எங்களுக்கு ஒருவர் வந்தார். கெட்ட வார்த்தை கிடையாது, குரல்கூட உயராது. தினமும் சாயங்காலம் ஐந்து ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர்களையும் நிற்க வைத்து, போர்டில் கடைசியாக வந்த லைன் சூப்பர்வைசரை முன்னால் கூப்பிட்டு, "ஏன் கடைசின்னு எல்லாருக்கும் சொல்லு" என்பார். அவ்வளவுதான். சொல்லி முடிக்கும் வரை சிரித்துக்கொண்டே கேட்பார். நான் கத்தினதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் நூல், பாபின், ஆள் எதையும் கொடுக்காமல் பதுக்க ஆரம்பித்தோம். பக்கத்து லைனில் மெஷின் நின்றால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்த சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது பேச்சு வந்தது. ஊசிச் சீட்டு ஞாபகத்தில் நான்தான் சொன்னேன்: கடைசி என்று ஒருவர் இருந்தால்தானே கூப்பிடுவார்? மறுநாளிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு ஐந்து பேரும் எண்ணைச் சொல்லிக்கொள்வோம். பின்தங்கிய லைனுக்கு முன்னால் இருக்கும் லைனிலிருந்து இரண்டு ஆபரேட்டர் போவார்கள். சாயங்காலம் போர்டில் 412, 410, 411, 412, 410. அவர் போர்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். 410 எடுத்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஏன் கடைசி என்றால் என்ன சொல்வது? "ரெண்டு ஜோடி சார்" என்றார்கள்.

ஒன்பது நாள். பத்தாவது நாள் கண்டுபிடித்துவிட்டார். ஆள் மாற்றக் கூடாது என்று உத்தரவு, என்னை இரண்டு மாதம் பேக்கிங்குக்குத் தூக்கினார். ஆனால் அந்த ஒன்பது நாளில் ஃப்ளோரின் மொத்த உற்பத்தி ஏறியிருந்தது. அதை மாதாந்திர மீட்டிங்கில் "லைன் பேலன்சிங்" என்று பெயர் வைத்து தன் யோசனையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அடுத்த மாதம் முதல் அது கம்பெனி வழக்கம். சாயங்கால விசாரணை நின்றது. எனக்கு இன்னும் எரிச்சல்தான், வழக்கம் நல்லது என்பதற்காக எரிச்சல் போய்விடாது.

24 ஜூலை

சட்டம் கேட்டவருக்கு, சுருக்கமாக. கத்துவதற்கு என்று தனிச் சட்டம் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், நிர்வாகம் பாதி, தொழிலாளர் பாதி, எழுதிக் கொடுத்தால் குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். பெண்களிடம் பேச்சோ கையோ எல்லை மீறினால் அது வேறு, 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம்: 10 பேர் இருந்தாலே உள் புகார்க் குழு, தலைவர் மூத்த பெண் ஊழியர், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. அத்துமீறலை "லைன்ல சகஜம்" என்று ஊசிக் கதையோடு சேர்த்துவிடாதீர்கள்.

குழு இருக்கிறதா என்று நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். பெயர்களையும் பாருங்கள். எங்கள் போர்டில் இருந்த பட்டியலில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய் வேலையை விட்டவள். அவள் பிள்ளை அப்போது ஒன்றாம் வகுப்பு.

27 ஜூலை

பக்கத்து லைன்காரர் உன்னிடம் வந்து இரண்டு ஆபரேட்டர் கேட்டார், கொடுக்கலாமா என்கிறாய். கொடு. ஆனால் எந்த மெஷினுக்கு என்று கேட்டு எழுதி வை. தினமும் ஒரே மெஷினுக்குக் கேட்கிறார் என்றால் அவருடைய கத்தல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அவரிடம் நோட்டைக் காட்டு, மேனேஜரிடம் காட்டாதே.

நாளைக்குக் குடியாத்தம் போகிறேன். சீட்டு பிடித்தவள் வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள்.

28 ஜூலை, இரவு

போய் வந்தேன். கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் அந்தத் தீப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். இத்தனை வருடம் வைத்திருக்கிறாள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் மூன்று புது ஊசி.

கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசித் தண்டில் தடிமன் எண் பொறித்திருக்கும். 110. ஸ்டோரிலிருந்து அந்த மாடலுக்கு நாங்கள் கொடுத்தது 100.

"100 போட்டா காலர்ல தாங்காதுக்கா. கடைக்காரர்தான் 110 எடுத்துக்கினு போன்னாரு. அதுக்கப்புறம் நெசமாவே கொறைஞ்சிடுச்சி."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீதான் கடப்பாரையான்னு கேட்டியே. பெரிய ஊசி கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

ஒன்றை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். நாளைக் காலை ஸ்கைவிங் ஆள் வந்ததும் அதே காலர் பேட்டர்னில் 100-ம் 110-ம் போட்டுத் தைத்துப் பார்க்கப் போகிறேன். ஓட்டை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ஆனால் 2016-ல் போன அந்த ஆர்டரில் ஓட்டை பெரிது என்று வாங்கிய கம்பெனி எதுவும் எழுதியதாக என் டைரியில் இல்லை.